பெத்ரீனே சாப்பிட்டது

முடியை மாற்றி அனுப்பிவிட்டாயா என்றுதான் லீனே தொலைபேசியில் முதலில் கேட்டாள்.

“ஒன்பதாம் நம்பர் முடி. வேற யாரோடதோடயாவது கலந்துடுச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“கலக்க வழியே இல்ல. நானே வெட்டி, நானே நூல் கட்டி, நானே உறையில போடறேன்” என்றாள் தபீத்தா.

லீனே டென்மார்க்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருப்பவள். கிரீன்லாந்தின் வடமேற்குக் கரையில் உள்ள ஊர்களில் கர்ப்பிணிகளின் உடம்பில் எவ்வளவு பாதரசம் சேர்கிறது, பிறக்கும் குழந்தையை அது என்ன செய்கிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. தெற்கு நாடுகளின் புகைபோக்கிகளிலிருந்து காற்றேறி வரும் பாதரசம் கடலில் இறங்கி, மீனுக்குள் போய், மீனைத் தின்னும் சீலுக்குள்ளும் திமிங்கிலத்துக்குள்ளும் போய், கடைசியில் அப்பாலிக் தீவின் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்கிறது. அந்தத் தீவின் சுகாதார நிலையத்தில் தபீத்தாதான் செவிலி. ஊசி போடுவது, பல் பிடுங்குவது, மருந்து கொடுப்பது எல்லாம் அவளே. ஆராய்ச்சிக்காகக் கர்ப்பிணிகளின் பிடரியிலிருந்து ஒரு சிட்டிகை முடி வெட்டுவாள். என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதுவாள். வேட்டைக்காரர்கள் கொண்டுவரும் ஈரல் துண்டுகளையும் சேர்த்து ஹெலிகாப்டரில் ஏற்றிவிடுவாள். பெயர்கள் அவளோடு நின்றுவிடும். லீனேவுக்கு எண்கள் மட்டும்தான் போகும்.

“அப்ப எனக்குப் புரியல” என்றாள் லீனே. “முடியை மாசக்கணக்குல துண்டு போட்டுப் பாத்தோம். நுனிப்பக்கம் சுத்தமா ஒண்ணுமில்ல. நவம்பர்ல ஏற ஆரம்பிக்குது. அப்புறம் நிக்கவே இல்ல, மலையேத்தம் மாதிரி போகுது. வேர்ப்பக்கம் பாத்தா, காலம் பூரா கொம்புத் திமிங்கிலத்தைத் தின்ன வேட்டைக்காரன் முடி தோத்துடும். ஆனா நீ எழுதி அனுப்பினதுல, அந்தப் பொண்ணு திமிங்கிலத்தைத் தொடறதே இல்லைன்னு இருக்கு. பொய் சொல்றாளோ?”

“பொய் சொல்ற ஆள் இல்ல.”

“சரி, யாருன்னு எனக்கு வேண்டாம். ஆனா போய்ப் பாரு. இன்னும் மூணு மாசம் இருக்கு. குழந்தையோட மூளை வேகமா வளர்றது இப்பத்தான். இப்ப நிறுத்தினாக்கூடப் பிரயோஜனம் உண்டு.”

தபீத்தா தொலைபேசியை வைத்தாள். ஒன்பதாம் எண், ரெகினே. தம்பி ஏனோக்கின் மனைவி. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் காத்திருந்து, இரண்டு முறை கலைந்து, இப்போதுதான் ஆறாவது மாதத்தைத் தாண்டியிருக்கிறாள். நவம்பர் என்றால் ஆய்வுக்கூடத்தில் அது ஒரு முடித்துண்டு. தபீத்தாவுக்கு அது அம்மா இறந்த மாதம்.

அந்த வீட்டில் அதற்குப் பிறகு என்ன மாறிவிட்டது என்று யோசித்துக்கொண்டே நடந்தாள். துக்கத்தில் சிலர் குடிக்கத் தொடங்குவார்கள். சிலர் சாப்பிட மறப்பார்கள். துக்கத்தில் யாரும் பாதரசம் தின்பதாக அவள் கேள்விப்பட்டதில்லை. ஏப்ரல் வெயில் கடற்பனியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. ஏனோக்கின் நாய்கள் இல்லை. ஆழ்மீனுக்குத் தூண்டில் போட அவன் பனிமேல் நாய்வண்டி கட்டிப் போயிருக்கவேண்டும்.

ரெகினே மேசையருகே காலை நீட்டி உட்கார்ந்து குழந்தைக்குக் காலுறை பின்னிக்கொண்டிருந்தாள்.

“வாங்கக்கா. காப்பி சூடாத்தான் இருக்கு. நீங்களே ஊத்திக்குங்க. எழுந்திருக்கணும்னா எனக்கு ரெண்டு ஆள் வேணும்.”

தபீத்தா காப்பி ஊற்றிக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்து குனிந்து, “அம்மா, எப்படி இருக்கே?” என்று வயிற்றைப் பார்த்துக் கேட்டாள். அது எப்போதும் கேட்பதுதான். இறந்தவரின் பெயர் அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்குப் போகும். பெயர் போகும் இடத்துக்கு ஆளும் போவார். அம்மா பெத்ரீனேவின் பெயர் ரெகினேவின் வயிற்றுக்குப் போகிறது என்பது அடக்கம் முடிந்த அன்றே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து தபீத்தாவுக்கும் ஏனோக்குக்கும் அந்த வயிறு அம்மா. ரெகினேவுக்கு அத்தை.

“அத்தை ராத்திரி பூரா நீச்சலடிச்சாங்க. என்னைத் தூங்க விடல” என்றாள் ரெகினே.

“ரெகினே, ஒண்ணு கேக்கறேன். கொம்புத் திமிங்கிலம் சாப்பிடறியா நீ?”

“நானா?” ரெகினே மூக்கைச் சுளித்தாள். “தெக்க டவுன்ல வளந்தவ நான். கடையில ஆட்டுக்கறி வாங்கித் தின்ன நாக்கு இது. எனக்கு அந்த வாசனையே ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? போன தடவை முடி வெட்டறப்பவே சொன்னேனே.”

சொல்லிக்கொண்டே அவள் பின்னலை மடியில் வைத்தாள். மேசைமேல் இருந்த கிண்ணத்திலிருந்து கறுப்பாய்க் காய்ந்திருந்த துண்டு ஒன்றை எடுத்தாள். கண்ணை மூடி வாயில் போட்டு, மருந்து மெல்லுவதுபோல மெல்லத் தொடங்கினாள்.

தபீத்தா அவளுடைய தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப இது என்ன?”

“எது?”

“வாயில இருக்கறது.”

“இது அத்தைக்கு” என்றாள் ரெகினே.

பிறகு மெல்லுவதை நிறுத்தினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரெகினேவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, வயிறு குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தபீத்தாவால் சிரிக்க முடியவில்லை. அந்தத் துண்டுகள் ஏனோக் கோடையில் ஈட்டியெறிந்து பிடித்த கொம்புத் திமிங்கிலத்தின் இறைச்சி. பாறைமேல் உலர்த்தி, பனிப்பெட்டியில் வைத்திருந்து, வாரம் தவறாமல் இந்த மேசைக்குக் கொண்டுவந்தது தபீத்தாவேதான். முடி வெட்ட வந்த அன்றும் கொண்டுவந்தாள். கிண்ணத்தை ரெகினே பக்கம் நகர்த்திவைத்துவிட்டு, அதே கையால் பேனாவை எடுத்து, திமிங்கிலம் சாப்பிடுவாயா என்று கேட்டாள். இல்லை என்று ரெகினே சொன்னாள். இல்லை என்று எழுதினாள். கேட்டவளும் பொய் கேட்கவில்லை, சொன்னவளும் பொய் சொல்லவில்லை. சாப்பிட்டது பெத்ரீனே. முடி மட்டும் ரெகினேவுடையது.

சிரிப்பு அடங்கியதும் ரெகினே வாயிலிருந்ததைத் தட்டில் துப்பினாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

“அக்கா, நிறைய இருக்கா?”

“இருக்கு.”

“குழந்தைக்கு என்ன ஆகும்?”

மற்றப் பெண்களுக்குத் தபீத்தா இதை வானிலை சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறாள். சில குழந்தைகள் பேச்சில் பின்தங்கலாம், சிலதுக்குக் கவனம் நிற்காமல் போகலாம், பல குழந்தைகளுக்கு ஒன்றுமே ஆவதில்லை, கர்ப்ப காலத்தில் சீலும் மீனும் சாப்பிடுங்கள், திமிங்கிலத்தை மட்டும் குறையுங்கள். இப்போதும் அதே வார்த்தைகளைத்தான் சொன்னாள். சொல்லும்போது அவை அவளுக்கே யாரோ எழுதிக் கொடுத்தவை போலக் கேட்டன.

ரெகினே கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள். ஆனால் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கொடுக்காம விட்டா அத்தை கோவிச்சுக்குவாங்களே? எங்க ஊர்ல ஒருத்தி அப்படித்தான் விட்டா. வயித்துல இருந்த அவங்க மாமா கேட்டது கிடைக்காம பிள்ளை நோஞ்சானாப் பொறந்து பால் குடிக்காமலே கிடந்துச்சு. ரெண்டு போனதுக்கு அப்புறம் இது தங்கியிருக்குன்னா, அத்தை இருக்கறதாலதான் தங்கியிருக்கு. நான் எப்படி இல்லைன்னு சொல்ல?”

தபீத்தா இன்னும் தட்டில் கிடந்த அந்தத் துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தன்னை அவள் எப்போதும் இரண்டு பங்காக வைத்திருந்தாள். சுகாதார நிலையத்துக்கு ஒரு பங்கு, வீட்டுக்கு ஒரு பங்கு. இரண்டும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நடந்தன. நடுவில் இடித்துக்கொண்டது ஒரே ஒரு தடவைதான். மாவட்ட மருத்துவமனையில் அம்மாவுக்குத் தொண்டை வேலைசெய்யாமல் போயிருந்த கடைசி நாட்களில், காய்ந்த திமிங்கிலத் துண்டு ஒன்று வேண்டும் என்று அம்மா சைகை காட்டினாள். பை தபீத்தாவின் மடியில்தான் இருந்தது. மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும் என்று அவளுக்குள் இருந்த செவிலிக்குத் தெரிந்தது. கொடுக்கவில்லை. அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மறுபடி திரும்பவில்லை.

அதனால்தான் இந்த மேசைக்கு வாரம் தவறாமல் வந்தாள். ரெகினே கண்ணை மூடி மெல்லும்போது, தபீத்தாவின் நெஞ்சில் எதுவோ ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இறங்கி உட்கார்ந்தது. அதைப் பாசம் என்று நினைத்திருந்தாள். பாசம்தான். ஆனால் பாதி தனக்காக என்பது இப்போது தெரிந்தது. ரெகினேவின் வயிற்றை வைத்து அவள் தன் மனதை ஆற்றிக்கொண்டிருக்கிறாள்.

நாய்களின் சத்தம் கேட்டது. ஏனோக் உள்ளே வந்து, கையுறைகளை அடுப்பின்மேல் போட்டு, இரண்டு பெண்களின் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

“யார் செத்தது?”

ரெகினே சொன்னாள். அவன் நின்றபடியே கேட்டான். கேட்டு முடித்ததும் அக்காள் பக்கம் திரும்பினான்.

“ஊர்ல உள்ள அத்தனை பேர் தட்டுலயும் எட்டிப் பாக்கறவ நீதானே? தின்னாதே, தின்னாதேன்னு. இங்க மட்டும் எட்டிப் பாக்கலையா?”

“பாத்தேன். நான் அம்மாவைத்தான் பாத்தேன்.”

“நல்லாப் பாத்தே!” அவன் காப்பியை ஊற்றினான். பாதி மேசையில் சிந்தியது. “அந்த டேனிஷ்காரிக்கு என்ன? அங்கேருந்து புகையை அனுப்பறது அவங்க. தின்னா உன் பிள்ளை மந்தமாப் போகும்னு நம்மகிட்டச் சொல்றதும் அவங்க. நாம தின்னு தின்னுதானே இத்தனை காலம் இருக்கோம்?”

“புகை யாருதா இருந்தா என்ன ஏனோக். இப்ப அது இவ வயித்துல இருக்கு.”

அவன் உட்கார்ந்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “சரி, நிறுத்தணும்னா நிறுத்துவோம். ஆனா அம்மாகிட்ட யார் சொல்றது?” என்றான்.

“வீட்டுக்காரன் நீ சொல்லு.”

“நானா? நான் பிடிச்ச திமிங்கிலம் அது. ‘நீ பிடிச்சதை நீயே தரமாட்டேங்கிறியா’ன்னு கேட்டா நான் எங்க போய் மூஞ்சியை வச்சுக்கறது? நீ கொண்டாந்து கொடுத்தே, நீயே சொல்லு.”

“ஆமாக்கா” என்றாள் ரெகினே. “நான் சொன்னா மருமக பேச்சாப் போயிடும். நீங்க சொன்னா கேப்பாங்க.”

அம்மா தன் பேச்சை ஒருநாளும் கேட்டதில்லை என்பது தபீத்தாவுக்குத் தெரியும். இரண்டாம் முறையும் தன் வாயாலேயே இல்லை என்று சொல்லவேண்டும் என்பதும் தெரிந்தது. லீனேவின் ஆய்வுக்கூடத்தில் இதற்குக் கருவி கிடையாது. அவள் நாற்காலியை இழுத்து ரெகினேவுக்கு நெருக்கமாகப் போட்டு, இரண்டு கைகளையும் அந்த வயிற்றின்மேல் வைத்தாள்.

“அம்மா” என்றாள். கனைத்துக்கொண்டாள். “அம்மா, இனிமே நான் அதைக் கொண்டுவர மாட்டேன். இல்லாமப் போனதால இல்ல, பனிப்பெட்டி நிறைய இருக்கு. மனசு இல்லாமலும் இல்ல. நீ இப்ப இருக்கற இடத்துல அது உனக்கு ஆகாது. உன் தலைக்குத்தான் போகும். இன்னொண்ணும் போனா ரெகினே தாங்கமாட்டா. உனக்குக் கோவம் வரும், தெரியும். கோவம் இவ மேல வேண்டாம், என்மேல இருக்கட்டும். பால் குடிக்கமாட்டேன்னு மட்டும் அடம் பிடிக்காதே. அதைத் தவிர என்ன வேணா பண்ணு.”

கையின்கீழ் எதுவோ பலமாக இடித்தது. ரெகினே “ஆ” என்றாள்.

“உதைக்கறாங்க.”

“கோவமா?” என்று ஏனோக் கேட்டான்.

“எனக்கெப்படித் தெரியும்? உங்கம்மா உதை எப்படி இருக்கும்னு நீங்கதான் சொல்லணும்.”

தபீத்தா கைகளை எடுக்கவில்லை. கோபமா, சம்மதமா, வெறுமனே கால் நீட்டலா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழி இருந்திருந்தால் அதையும் ஓர் உறையில் போட்டு அனுப்பியிருப்பாள். கிண்ணத்திலிருந்ததைப் பைக்குள் கொட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் லீனேவைக் கூப்பிட்டாள். இப்படி நடந்தது என்று, பெயர் சொல்லாமல், மூடி மறைக்காமல் சொன்னாள். கொண்டுபோய்க் கொடுத்தவள் தான்தான் என்பதையும் சொன்னாள்.

“அப்ப அந்தப் பொண்ணு சொன்னது நிஜம்தான்” என்றாள் லீனே.

“நிஜம்தான்.”

“நாங்க இத்தனை வருஷமா கேட்டதெல்லாம்?”

“அதுவும் சரிதான். பாதி ஆளைத்தான் கேட்டிருக்கோம். இன்னொருத்தரையும் கேக்கணும்.”

லீனே சிரிப்பாள் என்று தபீத்தா எதிர்பார்த்தாள். லீனே சிரிக்கவில்லை. எப்படிக் கேட்பது என்று கேட்டாள். வயிற்றில் யார் இருக்கிறார், அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கலாம் என்றாள் தபீத்தா. அந்த வாரமே தீவிலிருந்த மற்றக் கர்ப்பிணிகளிடமும் போனாள். ஒருத்தி இறந்துபோன தன் அக்காளுக்காகச் சீல் ஈரல் தின்றுகொண்டிருந்தாள். ஒருத்தியின் வயிற்றிலிருந்த பெயருக்கு ரொட்டியும் சீனியும் போதுமாயிருந்தன. இன்னொருத்தி, “எங்க சித்தப்பா இருக்காரு. அவருக்கு சிகரெட்டைத் தவிர வேற எதுவும் பிடிக்காது. என்ன பண்ணச் சொல்றே நர்ஸம்மா?” என்று கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தபீத்தா அவரோடும் பேசவேண்டியிருந்தது. கதை தீவு முழுக்கப் பரவியது. தபீத்தா தன் அம்மாவையே பட்டினி போட்டாள் என்று கடை வாசலில் பேசிக்கொண்டார்கள். பாதி கேலி, பாதி நிஜம். எதிரில் பார்க்கிறவர்கள், “பெத்ரீனே இன்னிக்காவது சாப்பிட்டாளா?” என்று விசாரித்தார்கள்.

அந்த மூன்று மாதமும் ரெகினே ஆழ்மீனும் சீல் கறியும் சாப்பிட்டாள். சில நாட்கள் காரணமில்லாமல் அழுதாள். அழுவது தானா அத்தையா என்று தெரியவில்லை என்றாள். தபீத்தா தினமும் வந்து வெறும் கையோடு எதிரே உட்கார்ந்தாள். அப்படி உட்கார்வது அவளுக்குப் பழகவே இல்லை.

பனி உடைந்து படகுகள் ஓடத் தொடங்கிய ஜூலையில், மாவட்ட மருத்துவமனையில் ஆண் குழந்தை பிறந்தது. பெயருக்கு ஆண் பெண் கணக்கில்லை. பையன் பெத்ரீனேதான். முதல் நாளே பால் குடித்தான். தொப்புள்கொடி இரத்தத்தில் பாதரசம் அந்த முடிக்கணக்கை வைத்து எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஆனால் இருக்கக்கூடாத அளவுக்குச் சற்று மேலேதான் நின்றது. பள்ளிக்கூடம் போகும் வயதுவரை பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்றாள் லீனே. ஒன்றும் ஆகாமலே போகலாம் என்றும் சொன்னாள். தபீத்தா இரண்டையும் அப்படியே ரெகினேவிடம் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை, கூட்டவில்லை.

ஞானஸ்நானத்தன்று ஏனோக்கின் வீட்டில் ஊரே காப்பி குடிக்க வந்திருந்தது. குழந்தை தேவாலயத்தில் தொடங்கிய அழுகையை வீட்டிலும் விடவில்லை. கைமாறிக் கைமாறி எல்லோரும் தட்டிக்கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த வீட்டு போலெத்தே, பெத்ரீனேவோடு ஒன்றாய் வளர்ந்தவள், இடுப்பில் கைவைத்துக்கொண்டு தபீத்தாவைப் பார்த்தாள்.

“கேக்குதா? இது பசி. பாலுக்கு அழற பசி இல்ல. வயித்துல இருக்கறப்ப வாயைக் கட்டினேல்ல, அதுக்குத்தான் கத்தறா.”

“இருக்கலாம்” என்றாள் தபீத்தா.

“இருக்கலாம்னா? நான் தீத்து வைக்கறேன் பாரு.” போலெத்தே தன் தட்டிலிருந்து கறுப்புத் துண்டு ஒன்றை எடுத்துப் பல்லால் மென்று மிருதுவாக்கிக்கொண்டு, ரெகினேவின் கையிலிருந்த குழந்தையிடம் குனிந்தாள். “பெத்ரீனே, நான் உனக்குத் தரேண்டி. உன் மகளை நம்பாதே.”

தபீத்தா வாயைத் திறப்பதற்குள் ரெகினே குழந்தையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“வேண்டாம் பெரியம்மா. அத்தைக்கு இப்ப பால்தான். பாலுக்காக நானும் அதைத் தொடறதில்ல.”

“உதட்டுல தடவினா என்னடி ஆகும்?”

“அத்தைக்குத் தெரியும். அவங்ககிட்டச் சொல்லிட்டோம்.”

ரெகினேவின் குரலில் பயம் இருந்தது. ஆனாலும் குழந்தையைப் போலெத்தே பக்கம் திருப்பவில்லை. போலெத்தே நீட்டிய கையில் துண்டோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். தபீத்தா அந்தக் கையிலிருந்து துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு இனிப் பிள்ளை பிறக்காது. அவள் சாப்பிடுவதற்கு லீனேவிடமும் தடை இல்லை.

“அடிப்பாவி, அதை நீயே தின்னுட்டியா?” என்றாள் போலெத்தே. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஏனோக் காப்பிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சுற்றி வரத் தொடங்கினான்.

குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. தபீத்தா மென்றாள். உப்பும் எண்ணெயும் இரும்பு வாடையுமாக இருந்தது. அம்மாவுக்குப் பிடித்ததா என்று அவள் யோசிக்கவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. விழுங்கிவிட்டு, தட்டிலிருந்து இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள்.